உஷார்! பட்டன் டயர் மாட்டப் போகிறீர்களா?

ஐப்பசி மழையும் லாங் ரைடு சீசனும் நம் ஊரில் ஒன்றாகத்தான் வருகின்றன. அதற்குச் சில வாரம் முன்பே டயர் கடைகளில் கூட்டம் சேரும். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கே.டி.எம். அட்வென்ச்சர் என்று தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் போகும் என்று சொல்லி விற்கப்படும் டூயல் ஸ்போர்ட் வண்டிகள் வரிசையாக நிற்கும். கேட்பதும் பெரும்பாலும் ஒன்றேதான்: "அண்ணே, நல்லா முரட்டு பட்டனாப் போடுங்க."

கட்டை கட்டையாக ரப்பர் துருத்தி நிற்கும் பட்டன் டயரை அண்ணனும் போட்டுக் கொடுப்பார். வண்டி பார்க்க அம்சமாக இருக்கும். முதல் மழையில் டோல்கேட்டுக்கு முன்னால் பிரேக்கைப் பிடிக்கும்போதுதான் தெரியும், வாங்கிய பொருள் எதற்காகச் செய்தது என்று. லாரிகள் வரிசையில் நின்று நின்று ஆயில் சொட்டிய சிமென்ட் தரை, அதன்மேல் தூறல், அதன்மேல் மண்ணுக்காகச் செய்த டயர். முன் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது.

இந்த வகை வண்டிக்கு டயர் தேர்ந்தெடுக்கிற எல்லோரும் காட்டையும் சேற்றையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். காட்டில் நீங்கள் போவது 20, 30 கிலோமீட்டர் வேகம். விழுந்தால் லிவர் வளையும், முட்டி சிராயும். கொல்வது ஈரமான தார் ரோடு. அங்கேதான் வேகம் 80, பின்னால் பஸ் வருகிறது. ஆகவே டயரைத் தார் ரோட்டுக்குப் பார்த்து வாங்குங்கள், மண் ரோட்டுக்கு அனுசரித்துக்கொள்ளுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள்.

பட்டன் டயர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். சேற்றில் கட்டைகள் உள்ளே இறங்கிக் கடித்துக்கொள்ளும். கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளம் சேற்றை வாரி வெளியே தள்ளும். தார் அப்படி இறங்கிக் கொடுக்காது. அங்கே கட்டையின் மேல்முனை மட்டும்தான் படும். சாதாரண ரோடு டயரே ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அகலத்துக்குத்தான். பட்டன் டயரில் அந்த உள்ளங்கையிலும் பாதி பள்ளம். தொடுகிற பாதியும் அசையாமல் நிற்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு கட்டையும் வளைந்து கொடுக்கிறது. வளைவில் வண்டியைச் சாய்த்தால், நடுக்கட்டையிலிருந்து ஓரக்கட்டைக்கு மாறும் இடத்தில் ஒரு சின்ன வெற்றிடம் வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு வளைவிலும் அந்த இடத்தில் வண்டி லேசாக 'தொப்' என்று விழுந்து எழும். காய்ந்த ரோட்டில் இது கூச்சம் மட்டும்தான். வால்பாறை ஏறும்போது, ஆழியாறுக்கு மேலே பனியும் தூறலும் பிடித்திருக்கும் நாளில், எதிரே பஸ் ஹாரன் அடிக்கிறபோது இது கூச்சத்தோடு நிற்காது.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டயரில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. பிடிப்பு குறைவாக இருந்தால் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், நீங்கள் எதிர்பார்த்ததைவிடத் தள்ளிப்போய்த்தான் நிற்பீர்கள்.

அடுத்து, 50-50, 70-30, 90-10 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 50-50 என்றால் பாதி ரோடு, பாதி மண் என்று பொருளாம். இதை அளக்கப் பொதுவான சோதனை எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் டயருக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க் அது. ஒரு கம்பெனியின் 50-50 இன்னொரு கம்பெனியின் 70-30 போல நடந்துகொள்ளலாம். அந்த எண்ணை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். டயரைக் கையில் எடுத்து, கட்டைகளுக்கு நடுவே எவ்வளவு பள்ளம் இருக்கிறது, நடுவில் ரப்பர் தொடர்ச்சியாக ஓடுகிறதா, ஓரக்கட்டையைக் கட்டை விரலால் தள்ளினால் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். டயர் கடையில் யாரும் இதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"லடாக் போறேன், அதனால பட்டன் வேணும்" என்பது இன்னொரு வாதம். சென்னையிலிருந்து லே போய்ச் சேர 3000 கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி நாலுவழிச் சாலை. நாக்பூர் வெயிலில் மூட்டை முடிச்சோடு 90-ல் போய்க்கொண்டே இருந்தால் நடுக்கட்டைகள் மழுங்கி டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிடும். லடாக்கின் எந்த மணலுக்காக வாங்கினீர்களோ, அங்கே போய்ச் சேரும்போது பட்டனில் பாதி இருக்காது. திரும்பி வரும்போது மழை பிடித்தால் கேட்கவே வேண்டாம். முன் டயரில் இன்னொரு வேடிக்கை. கட்டைகள் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் ரம்பம் மாதிரி தேயும். ஹேண்டில் பாரில் ஒரு நடுக்கமும் காதில் ஓயாத ஊளைச் சத்தமும் அதிலிருந்து வருபவைதான். பேரிங் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் காசு கொடுத்தவர்கள் நிறைய.

என்னைக் கேட்டால், நம் ஊரில் இந்த வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வண்டியோடு கம்பெனி கொடுத்த மாதிரி டயரே போதும். சியட் கிரிப் எக்ஸ்.எல்., எம்.ஆர்.எஃப். மோக்ரிப் மீட்டியார் வகையறா: நடுவில் நெருக்கமான கட்டை, ஓரத்தில் கொஞ்சம் பிளவு. கிராமத்து மண் ரோடு, ஆற்றங்கரை, எஸ்டேட் ரோடு எல்லாம் இதிலேயே போய்விடலாம். வாரம் தவறாமல் நிஜமாகவே மலைத்தடத்தில் ஓட்டுபவருக்குப் பட்டன் வேண்டும், மறுக்கவில்லை. அவருக்கு அதன் குணமும் தெரிந்திருக்கும். மழையில் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று காலும் கையும் தாமாகவே கற்றிருக்கும். மற்றவர்களின் பட்டன் டயர் சேற்றைப் பார்ப்பது வாட்டர் வாஷ் கடையின் தரையில் மட்டும்தான்.

இனி, டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். 120/90-17 என்பது அளவு, அதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் 64எஸ் என்பது போல ஒன்று இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. 64 என்பது எடைக் குறியீடு: அந்த டயர் 280 கிலோ தாங்கும். 57 என்றால் 230 கிலோ. 54 என்றால் 212 கிலோ. ஹிமாலயன் 450 மட்டும் 196 கிலோ. அதில் இரண்டு பேர், இரண்டு பக்கப் பெட்டி, மேலே ஒரு பை என்று ஏற்றினால் 370, 380-ஐத் தொட்டுவிடும். பின்னால் உட்காருபவரின் எடையும் பெட்டிகளின் எடையும் பின் சக்கரத்தின் மேல்தான் இறங்குகின்றன. அங்கே 57 போட்ட டயர் இருந்தால் அதன் எல்லையிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதுவும் காத்து சரியாக இருந்தால்தான். கம்பெனி டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்த எண் உள்ள டயர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்து வேகம். எம் என்றால் 130, பி என்றால் 150, எஸ் என்றால் 180, எச் என்றால் 210 கிலோமீட்டர் வரை. முரட்டு பட்டன் டயர்கள் சிலவற்றில் எம் என்று இருக்கும். 200 சிசி வண்டிக்குப் பரவாயில்லை. 130-ஐச் சுலபமாகத் தாண்டுகிற 390, 450 சிசி வண்டியில் அதை மாட்டி, பைபாஸில் மணிக்கணக்கில் முறுக்கினால் டயர் சூடேறும். கட்டையின் அடிவாரத்தில் மெல்லிய கீறல் விழும். ஒருநாள் கட்டை அப்படியே பெயர்ந்து போகும்.

தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் 4 இலக்க எண் இருக்கும். 3821 என்றால் 2021-ம் ஆண்டின் 38-வது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கம்தான் பொறித்திருக்கும். கடைக்காரர் காட்டும் பக்கத்தில் இல்லையென்றால் திருப்பிப் போடச் சொல்லுங்கள். முன் சக்கரத்துக்கான 21 இன்ச் டயர் எல்லாக் கடைகளிலும் வேகமாக விற்கிற சரக்கு இல்லை. வந்தது வந்தபடி மேலே கொக்கியில் தொங்கிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டு டயர் என்றால் இன்னும் கவனம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்கப்புறம் சில அளவுகள் கிடைப்பதே அரிதாகி, பழைய ஸ்டாக்கும் நல்ல விலைக்குப் போகத் தொடங்கியது. நம் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் மூன்று நாலு வருஷம் தொங்கிய ரப்பர், ஓடாவிட்டாலும் இறுகித்தான் போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாமல் கல் மாதிரி இருந்தால் அது மழைக்கு ஆகாது. ஒரு வருஷத்துக்குள் செய்தது கிடைத்தால் எடுங்கள். இரண்டு வருஷம் தாண்டியது என்றால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மலிவாகக் கிடைக்கும் இரண்டு வகைச் சரக்கிலும் உஷார். ஒன்று, மோட்டோகிராஸ் ரேஸுக்குச் செய்த டயர். பக்கவாட்டில் என்.எச்.எஸ். என்று மூன்றெழுத்தோ, நெடுஞ்சாலைக்கு உகந்ததல்ல என்ற ஆங்கில வாசகமோ இருக்கும். மண்ணில் அது சூரப்புலி. தாரில் அதற்கு வேலையே இல்லை. எடை, வேகக் குறியீடு இல்லாமலேயே கூட அவை வரும். இந்தியாவில் ரோட்டில் ஓட்ட விற்கிற டூவீலர் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2009-ல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணையும் ஐ.எஸ். 15627 என்ற தரமும் இதற்குத்தான். அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, கட்டிங் போட்ட பழைய டயர். தேய்ந்ததை எடுத்து, சூட்டுக் கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டி, மேலே கறுப்பு பாலிஷ் அடித்து விற்பது. பார்த்தால் புதுசு மாதிரியே மின்னும். பள்ளத்துக்குள் குனிந்து பாருங்கள். நல்ல டயரில் பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று காட்டப் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு முக்கோணமோ இருக்கும். டயர் அந்த மேடு வரைக்கும் தேய்ந்தால் ஆயுள் முடிந்தது. கட்டிங் போடும் கத்தி அந்த மேட்டையும் சேர்த்து அறுத்துவிட்டிருக்கும். அடியில் கத்தித் தடம் சொரசொரப்பாகத் தெரியும், சில இடத்தில் உள்ளே உள்ள நூல்கூட எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட டயரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடையில் நடக்கும் உரையாடல் ஒன்று எல்லோருக்கும் பழக்கமானது.

"தம்பி, பின்னாடி சுத்தமாப் போச்சு. முன்னாடி நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

"சரிண்ணே, பின்னாடி மட்டும் மாத்திடுங்க."

நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். பின் டயர் இரண்டு தேயும் நேரத்தில் முன் டயர் ஒன்றுகூடத் தேயாது. தேயவில்லை என்பதற்காக வயசாகவில்லை என்று ஆகிவிடாது. அந்த முன் டயரின் தேதியைப் பார்த்தால் ஆறு வருஷம் இருக்கும், கட்டைகளின் அடியில் முடி கனத்தில் வெடிப்பு ஓடும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி இப்படியும் அப்படியும் ஆடும். பல நேரம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் டயர்தான். காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறது, நல்ல ரப்பர் எந்தச் சக்கரத்துக்கு என்று யாராவது கேட்டால் முன்னாடி என்றுதான் சொல்வேன். ஐந்து வருஷம் தாண்டிய எந்த டயரையும் ஆண்டுக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனதை, பட்டன் முழுசாக இருந்தாலும், கழற்றிவிடுங்கள்.

பெரிய டயர் போட்டால் கெத்து என்று 120-க்குப் பதில் 140 கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிம்மின் அகலம் மாறவில்லை. அகலமான டயரைக் குறுகலான ரிம்மில் ஏற்றினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, டயரின் முதுகு கூம்பிக்கொள்ளும். ரோட்டைத் தொடும் இடம் கூடுவதற்குப் பதில் குறையும். பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயினிலோ மட்கார்டிலோ உரசும். ஹிமாலயன் 450-ல் 140/80 ஆர்17 இருக்கிறதே என்பீர்கள். அந்த ரிம்மும் ஸ்விங் ஆர்மும் அதற்காகவே செய்தவை. பழைய 411-க்கு 120/90-17 தான். அதிலேயே விடுங்கள்.

டியூப் விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் டயரைப் பற்றியே பேச, ஆளைத் தள்ளிவிடுவது பல நேரம் டியூப்தான். ஹிமாலயன் 411-லும் எக்ஸ்பல்ஸ் 200-லும் ஸ்போக் ரிம், உள்ளே டியூப். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காத்து மெதுவாகக் கசியும், நமக்கு அவகாசம் கிடைக்கும். டியூப் கிழிந்தால் சில நொடிகளில் எல்லாம் போய்விடும். அதோடு டியூப் வகை ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது. காத்து போனதும் டயர் ரிம்முக்குள் சரிந்துகொள்ளும். வண்டி திடீரென்று அலையத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள். காத்துப் போன சக்கரத்தின் பிரேக்கைத் தொடாதீர்கள். மற்ற சக்கரத்தில் மட்டும் லேசாகப் பிடித்து ஓரங்கட்டுங்கள்.

புது டயருக்குள் பழைய டியூபைப் போடச் சம்மதிக்காதீர்கள். பழையது நீண்டு பெருத்திருக்கும். புது டயருக்குள் மடிப்பு விழும், மடிப்பில் தேய்ந்து ஓட்டையாகும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, நடுக்காட்டில் நிற்பீர்கள். 21 இன்ச் டியூப் ஹைவே பஞ்சர் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். முன்னாடிக்கான அந்த டியூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்தில் அடக்கிப் போட்டு, அடுத்த ஊர் வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம். பின் டியூபை முன்னால் போட முடியாது.

ஸ்போக் துளைகளைப் பசையும் டேப்பும் வைத்து அடைத்து, அதே ரிம்மை டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்கிறார்கள் சிலர். கசியாமல் ஓடுவதுண்டு, ஆனால் மேலே சொன்ன மேடு அந்த ரிம்மில் இல்லை என்பதை எந்தப் பசையும் மாற்றாது. காத்து குறைந்த நேரத்தில் பள்ளத்தில் இறங்கினால் டயரின் ஓரம் விலகிவிடும். ராயல் என்ஃபீல்டே 2024-ல் ஹிமாலயன் 450-க்கு டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் கொடுத்தபோது அதற்கென்றே செய்த ரிம்மோடுதான் கொடுத்தது.

காத்து. மணலில் பிடிப்பு வர காத்தை இறக்குவார்கள், சரிதான். இறக்கியவர்களில் எத்தனை பேர் தார் ரோடு ஏறியதும் நிரப்புகிறார்கள்? குறைந்த காத்தில் ஒரு குழியில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இன்னும் குறைத்தால் பிரேக் பிடிக்கும்போது ரிம் மட்டும் பின்தங்கி டயர் முன்னால் நகரும். டியூபும் டயரோடு நகரும், வால்வு வேரோடு பிய்யும். இதை முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது. வால்வின் அடி நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல், மேலே மூடியை ஒட்டி ஏற்றி வையுங்கள். காலையில் வண்டியை எடுக்கும்போது வால்வு நேராக நிற்கிறதா என்று ஒரு பார்வை. சாய்ந்திருந்தால் உள்ளே டயர் நகர்ந்திருக்கிறது. எவ்வளவு காத்து என்பது உங்கள் வண்டியின் ஸ்டிக்கரிலும் புத்தகத்திலும் இருக்கிறது. தனியாகப் போக ஒன்று, ஆளோடு போக ஒன்று. வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே அளக்க வேண்டும். பங்க் மீட்டரை நம்பாமல் சின்னதாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் உடனே காசு கொடுத்துக் கிளம்பிவிடாதீர்கள். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அது வண்டி போகும் பக்கம் பார்க்கிறதா பாருங்கள். சில டயர்களில் முன்னால் மாட்ட ஒரு அம்பு, பின்னால் மாட்ட எதிர்த்திசையில் ஒரு அம்பு என்று இரண்டு இருக்கும், வேலை செய்யும் பையன் அவசரத்தில் ஏதாவதொன்றைப் பார்த்துப் போட்டுவிடுவான். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே இடைவெளியில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு இடத்தில் கோடு உள்ளே போய் மறைந்தால் காத்தை இறக்கி, மறுபடி உட்காரவைக்கச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீரும் அச்சிலிருந்து வந்த வழவழப்பும் புது டயரில் ஒட்டியிருக்கும், முதல் 100 கிலோமீட்டர் சாய்க்காமல், சடன் பிரேக் போடாமல் ஓட்டுங்கள்.

ரைடுக்கு முந்தின நாள் சாயங்காலம் டயர் மாற்றுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். மாற்றும்போது டயர் லிவர் டியூபைக் கடித்திருந்தால் கடையில் தெரியாது. மாட்டிய அன்று ராத்திரி ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை காத்தை அளந்து பாருங்கள். நாலைந்து பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் வண்டியை எடுக்காமல் அதே கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.